கல்கத்தா ஏலமும் ஆட்டக்காரர் தேர்வும்

கோல்ப் ஆட்டக்காரர்களிடையே ‘கல்கத்தா’ என்றொரு சொல் வழங்குகிறது. அஃது அவர்களிடையே ஊரின் பெயரன்று. ஒரு பந்தய முறையின் பெயர். பெரும்போட்டி ஒன்று தொடங்குவதற்கு முந்திய இரவில் பந்தயம் கட்டுவோர் கழகத்தின் கூடத்திலோ தங்குவிடுதியிலோ கூடுவர். மறுநாள் ஆடவிருப்போர் ஒவ்வொருவருடைய பெயரும் ஏலத்திற்கு வரும். மிகுதியாகக் கேட்பவர் அப்பெயருக்கு உரியவராவார். ஏலத்தில் திரண்ட பணம் முழுவதும் ஒரே பொதுநிதியாகச் சேரும். போட்டி முடிந்ததும் முதலிடம் பெற்ற ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்தவருக்கு அந்நிதியின் பெரும்பகுதியும், அடுத்த சில இடங்களைப் பெற்றோரை எடுத்தவர்களுக்கு எஞ்சிய பகுதியும் பங்கிடப்படும். பந்தைக் குழியில் இட்டவன் ஒருவன். பணத்தைப் பையில் இடுபவன் வேறொருவன்.

அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இம்முறையைக் கையாண்டோர் பலர் கல்கத்தாவைக் கண்ணாலும் கண்டிலர். ஆயினும் அப்பெயர் பொருளற்றதன்று. 1847ஆம் ஆண்டில் தோன்றிய கல்கத்தா குதிரைப் பந்தயக் கழகம், இங்கிலாந்தின் எப்சம் நகரில் நிகழும் டெர்பி பந்தயத்தின்மீது ஒரு பெரும் பரிசுச் சீட்டை நடத்திவந்தது. குதிரைகள் ஓடியது இங்கிலாந்தில். சீட்டுக் குலுக்கியது வங்கத்தில். 1930ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மருத்துவமனைப் பரிசுச் சீட்டுத் தோன்றி அதனைப் பின்தள்ளும் வரை, உலகின் மிகப் பெரிய பரிசுச் சீட்டுகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. இந்தியாவிலிருந்த வெள்ளையர் கழகங்களில் பந்தயத்திற்கு முந்திய இரவு குதிரைகளைப் பெயர் கூறி ஏலம் விடும் வழக்கமும் இருந்தது. குதிரைக்கு விலை கூறிய அவ்வழக்கமே பின்னர் மனிதர்க்கு விலை கூறும் வழக்கமாயிற்று.

குதிரையும் கோல்ப்பும் ஒரே நிலத்தில் வளர்ந்தவை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கழகங்களுள் மிகப் பழையது 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அமைந்ததே. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலேயே கோல்ப் திடல் அமைந்தது. 1864ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகமும் பத்து கந்தோங்கில் அமைந்த தன் திடலில் குதிரைக்கு ஓடுபாதையும் கோல்ப்புக்குப் புல்வெளியும் ஒருங்கே வைத்திருந்தது. காலையில் பந்தடித்தவரே மாலையில் குதிரைமேல் பணம் வைத்தார். ஒன்றன் பந்தய முறை மற்றொன்றனுக்குத் தாவியதில் வியப்பில்லை.

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியிலுள்ள ஜுருவுக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்டதும், 1800ஆம் ஆண்டில் எதிர்க்கரை நிலம் கம்பெனியின் வசமாயிற்று. அந்நிலத்திற்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிடப்பட்டது. ஜுரு அதற்குள் அடங்கியது. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை நீரிணைக் குடியேற்றங்கள் அனைத்திற்கும் ஆணை பிறந்த இடம் கல்கத்தாவே. அங்கிருந்து ஆணைகள் மட்டுமா வந்தன? அதிகாரிகளும் அவர்தம் பொழுதுபோக்குகளும் உடன் வந்தன. அதே நூற்றாண்டில் வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் அந்நிலங்கள் இரப்பர்க் காடுகளாயின. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் ஒழிந்தது 1910ஆம் ஆண்டில்தான். துரைமாரின் ஏலக்கூடத்தில் பெயர்கள் விலைபோன காலமும், தொழிலாளர் பெயர்கள் ஒப்பந்தத் தாளில் பதிவான காலமும் பெரும்பாலும் ஒன்றே.

இனி, இவ்வேலத்தில் ஒருவர் ஆட்டக்காரரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதைக் காணலாம். புதிதாக நுழைவோர், “யார் வெல்வார்?” என்று கேட்கின்றனர். பழகியவர் கேட்கும் கேள்வி வேறு. “இவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?” என்பதே அது. நிதி பத்தாயிரம் ரிங்கிட் எனவும், முதலிடத்திற்குப் பாதி எனவும் கொள்வோம். வெல்பவரை எடுத்தவருக்கு ஐயாயிரம் கிட்டும். ஓர் ஆட்டக்காரர் பத்தில் ஒரு முறை வெல்லத்தக்கவர் என்றால், முதற்பரிசைக் கருதி அவர் பெயருக்குத் தரத்தக்க விலை ஐந்நூறு ரிங்கிட். அடுத்த இடங்களுக்குரிய பங்கினைக் கருதிச் சிறிது கூட்டலாம். ஏலத்தின் சூட்டில் அவர் ஆயிரத்து இருநூறுக்குப் போனால், மறுநாள் அவர் வென்றாலும் எடுத்தவர் செய்தது நல்ல வாணிகமன்று. நாற்பது ரிங்கிட்டுக்குப் போன பெயரறியா இளைஞர் நூற்றில் இருமுறை வெல்லத்தக்கவராயின், அவரை எடுத்தவரே கணக்கறிந்தவர். ஆகவே பந்தயக்காரர் உண்மையில் போட்டியிடுவது ஆட்டக்காரருடன் அன்று. அருகில் அமர்ந்திருக்கும் பிற பந்தயக்காரருடைய மதிப்பீட்டுடன். கூடத்திலுள்ளோர் யாரை மிகையாக மதிக்கின்றனர், யாரைக் குறைத்து மதிக்கின்றனர் என்பதை அறிபவரே ஆதாயம் பெறுவர்.

ஏலமில்லாத எளிய வடிவமும் உண்டு. அலுவலகங்களிலும் நண்பர் குழாங்களிலும் ஒவ்வொருவரும் ஒரே தொகையைச் செலுத்திச் சில ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பர். அவர்களுடைய அடிகளின் கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கே நிதி. கோல்ப்பில் குறைந்த அடிகளே வெற்றி என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ள வேண்டும். பெரும்போட்டிகள் நான்கு. ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ். மே திங்களில் பி.ஜி.ஏ.; சூனில் அமெரிக்கப் பொதுப்போட்டி; சூலையில் பிரித்தானியப் பொதுப்போட்டி. ஒவ்வொன்றும் நான்கு நாள், எழுபத்திரண்டு குழி. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியோர் நீக்கப்படுவர். தேர்ந்த அறுவருள் இருவர் அங்கேயே நீங்கினால், எஞ்சிய நால்வர் எவ்வளவு நன்றாக ஆடினும் அப்பட்டியல் நொண்டியாகிவிடும். எனவே இவ்வடிவத்தில் வெல்பவரைக் காண்பதைவிட, நீங்காதவரைக் காண்பதே முதன்மையான கலை.

கலை என்று கூறினாலும் அதன் எல்லை மிகக் குறுகியது. கோல்ப் வரலாற்றில் பதினெட்டுப் பெரும்போட்டிகளை வென்ற ஜாக் நிக்லஸ், தம் வாழ்நாளில் அத்தகைய போட்டிகள் 164இல் ஆடினார். பத்தொன்பதில் இரண்டாமிடம் பெற்றார். வரலாற்றிலேயே மிகுதியான பெரும்போட்டிகளை வென்றவரை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தவரும் ஒன்பது முறைக்கு ஒரு முறையே வென்றிருப்பார். குதிரைப் பந்தயத்தில் ஓடுவன பத்துப் பன்னிரண்டு. பெரும் கோல்ப் போட்டியில் ஆடுவோர் நூற்றைம்பதின்மர் வரை. காற்று ஒரு புறம் வீசும். காலையில் ஆடியவருக்கு அமைதியும் மாலையில் ஆடியவருக்கு மழையும் வாய்க்கும். அடித்த பந்து மரத்தில் பட்டு உள்ளே விழுவதும் வெளியே விழுவதும் எவர் கையிலும் இல்லை.

சிறிதைக் கண்டு பெரிதை அளக்கும் இவ்வாற்றலைத் தமிழ் மாணவர் முன்பே அறிவர். சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்னும் பெயருடன் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதனை ஒரு பார்வை பார்த்த மன்னன், காய்களின் எண்ணிக்கையைக் கூறுகிறான். பாரதத்தின் வன பருவத்தில் வரும் கணக்கின்படி இரண்டு கிளைகளில் மட்டும் 2,095 காய்கள். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. எண்ணும் அக்கலையையே சூதின் உள்ளறிவாக மன்னன் நளனுக்குக் கற்பிக்க, நளன் அவனுக்குக் குதிரைக் கலையைத் தருகிறான். நளவெண்பா பாடம் கேட்கும்போது இக்காட்சியைக் கதையின் ஒரு திருப்பமாக மட்டும் கொண்டு கடந்துவிடுவோர் பலர். பண்டைய இந்தியாவில் சூதுக்காய்களாகப் பயன்பட்டவை தான்றியின் காய்களே என்பதை அறிந்தால், புலவர் அம்மரத்தைத் தற்செயலாக அங்கு நிறுத்தவில்லை என்பது புலனாகும். சிறு கிளையை ஆய்ந்து மரம் முழுவதையும் மதிப்பிடும் அறிவே சூதாட்ட அறிவு என இந்நாளைய கணித அறிஞரும் இக்கதையை எடுத்தாளுகின்றனர்.

ஆனால் ஏலக்கூடத்தில் அமர்ந்தோர் இருதுபன்னர் அல்லர். அவர்கள் விலை கூறியபோது கணக்கைவிடப் பெயரே அவர்கள் கண்ணில் நின்றது. 1930ஆம் ஆண்டில் ஒரே ஆண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று ஓய்வு பெற்றவர் பாபி ஜோன்ஸ். அவரே அகஸ்டாவில் ஒரு திடலை அமைத்து, 1934ஆம் ஆண்டில் முதற்போட்டியை நடத்தினார். ஓய்விலிருந்து மீண்டு அதில் தாமும் ஆடினார். நான்கு ஆண்டுகள் பெரும்போட்டி எதுவும் ஆடாதவர் அவர். எனினும் பந்தயம் கட்டியோர் அவரையே பெரிதும் நம்பினர். அவர் பெற்றது பதின்மூன்றாம் இடம். வென்றவர் ஹோர்ட்டன் ஸ்மித். அகஸ்டாவின் விடுதியில் அக்காலத்தில் கல்கத்தா ஏலங்களும் நிகழ்ந்தன. அன்பு வேறு, மதிப்பீடு வேறு என்பதை அங்கு ஏலம் கேட்டோர் தம் பணத்தைக் கொடுத்துக் கற்றனர்.

மறுதலையாக, 1986ஆம் ஆண்டில் அதே திடலுக்கு வந்த நிக்லஸுக்கு வயது 46. அவர் காலம் முடிந்தது என்று செய்தித்தாளிலும் எழுதினர். இறுதி நாளில் அவர் முன்னேறி வென்றபோது, அவரைத் தள்ளிவிட்டவர்களின் கணக்கும் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில்தான் உலக ஆட்டக்காரரை வரிசைப்படுத்தும் தரவரிசைப் பட்டியல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் முதல்வராக ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இடம்பெற்றார். பெயரையும் நினைவையும் கொண்டு மதித்துவந்தோருக்கு எண் ஒன்று கையில் கிடைத்தது. அதனால் ஏலம் கேட்போர் அறிவாளராயினரா என்பது வேறு கேள்வி. எல்லார் கையிலும் ஒரே பட்டியல் இருக்கும்போது, அப்பட்டியலை அறிந்திருப்பதனால் ஒருவருக்கும் தனி ஆதாயம் இல்லை.

பட்டியலில் இடம்பெறாதவர் கதைதான் இவ்வரலாற்றில் நெஞ்சைத் தொடும் பகுதி. பீஜித் தீவில் பிறந்த இந்திய வழியினர் விஜய் சிங் 1984ஆம் ஆண்டில் மலேசிய பி.ஜி.ஏ. போட்டியை வென்றார். பின்னர் அவர் சபா, சரவாக் பகுதிகளின் கழகங்களில் கோல்ப் கற்பித்துக் காலம் கழித்தார். பயிற்சி, பயிற்சி, பின்னும் பயிற்சி என்பதே அவருடைய அந்நாளைய வாழ்வு. எந்த ஏலத்தில் அவருக்கு என்ன விலை கூறியிருப்பர்? 1998ஆம் ஆண்டிலும் 2004ஆம் ஆண்டிலும் பி.ஜி.ஏ. பெரும்போட்டியையும், 2000ஆம் ஆண்டில் மாஸ்டர்ஸ் போட்டியையும் அவர் வென்றார். மலேசியாவிலேயே மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்ற தமிழர் தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்து நாட்டின் பெயரைத் தாங்கி ஆடினர். செல்வருக்கே உரியது என்று கருதப்பட்ட ஆட்டத்தில் அவர்கள் இடம்பிடித்ததைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் விரித்துரைக்கவில்லை எனலாம்.

விஜய் சிங்குக்கேனும் கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த சேவ்சங்கர் சேவ்கோலம் என்பவருக்குக் கதவே இல்லை. ‘பாப்வா’ என்று அழைக்கப்பட்ட அவர், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல். பள்ளிப் படிப்புப் பெறாதவர். வெள்ளையரின் கோல்ப் கோல்களைச் சுமந்து பிழைத்தவர். பிறர் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிக் கோலைப் பிடித்து ஆடும் அவர், 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஆலந்துப் பொதுப்போட்டியை வென்றார். தம் சொந்த நாட்டில் 1963ஆம் ஆண்டில் நேட்டால் பொதுப்போட்டியையும் வென்றார். ஆனால் இனவொதுக்கல் ஆட்சியில் வெள்ளையரல்லாதார் கழகக் கட்டடத்திற்குள் நுழைதல் ஆகாது. உள்ளே வெள்ளையர் இருக்க, வெற்றியாளருக்கு வெளியே மழையில் பரிசுக் கோப்பை வழங்கப்பட்டது. அப்படம் உலகெங்கும் சென்றது. 1965ஆம் ஆண்டில் அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையும் அவர் வென்றார். பின்னர் அந்நாட்டுப் போட்டிகளில் ஆடுவதும் அவருக்குத் தடுக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் வறுமையில் மறைந்தார்.

ஏலம் கேட்போர் தம்மைக் கூரிய மதிப்பீட்டாளர் எனக் கருதிக்கொள்வர். ஆனால் அவர்கள் மதிப்பிட்டதெல்லாம் தமக்கு முன் வைக்கப்பட்ட பெயர்களையே. அப்பெயர்களை வைத்தது யார், எப்பெயர்கள் முன்பே நீக்கப்பட்டன என்பதை அவர்கள் வினவவில்லை. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் வெள்ளையருக்கே உறுப்புரிமை என்னும் விதியை நீக்கியது 1961ஆம் ஆண்டில். அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டியில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர், லீ எல்டர், முதன்முதலாக ஆடியது 1975ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் அத்திடலில் கறுப்பினத்தார் இருந்தனர். கோற்பையைத் தோளில் சுமந்தனர். எந்தக் குழியில் புல் எப்புறம் சாயும், காற்றுக்கு எந்தக் கோல் ஏற்கும் என்பதை ஆட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே.

ஏலமுறையின் வீழ்ச்சி வேறொரு வாயிலாக வந்தது. கோல்ப்பில் வல்லவரும் எளியவரும் ஒன்றாக ஆடுவதற்கென ‘ஹேண்டிகேப்’ என்னும் எண் ஒவ்வொருவருக்கும் குறிக்கப்படும். எளியவருக்கு மிகுதியான எண். அவ்வளவு அடிகள் அவர் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இவ்வேற்பாடு முழுவதும் நேர்மையின் மேல் நிற்பது. 1955ஆம் ஆண்டில் நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் டீப்டேல் கழகத்தில் நிகழ்ந்த போட்டியில், வெளியூரிலிருந்து வந்த இருவர் தமக்கு உண்மையில் இருந்த 3 என்னும் எண்ணை மறைத்து, 17, 18 எனக் காட்டி ஆடினர். பதினான்கு பதினைந்து அடிகளை இலவசமாகப் பெற்றவருடன் யார் போட்டியிட முடியும்? அவர்கள் வென்றனர், கல்கத்தா ஏலத்தின் வழியாகப் பதினாறாயிரம் டாலருக்கு மேல் கைமாறியது. வஞ்சனை வெளிப்பட்டபோது அமெரிக்காவெங்கும் பெரும் அலர் எழுந்தது. அமெரிக்க கோல்ப் சங்கம் இவ்வேலங்களுக்கு எதிராக வெளிப்படையாக நின்றது. பெருங்கழகங்கள் பல அவற்றைக் கைவிட்டன.

அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர், 1925ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொதுப்போட்டியில், புல்லிடையே கிடந்த பந்து தாம் கோலை வைக்கும்போது சிறிது அசைந்துவிட்டதாக பாபி ஜோன்ஸ் தாமே அறிவித்தார். வேறு யாரும் அதனைக் காணவில்லை. நடுவர்கள் ஐயுற்றபோதும் அவர் தம்மீது ஓரடித் தண்டனையை ஏற்றுக்கொண்டார். அவ்வோரடியால் போட்டி சமனாயிற்று. மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். தனக்குத் தானே நடுவனாக நிற்கும் அந்த ஆட்டத்தின் நடுவில்தான் ஏலக்காரர் தம் பணக்குடத்தைக் கொண்டுவந்து வைத்தனர். ஆட்டக்காரர் தம் பெயரின் பாதிப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்றொரு வழக்கமும் அவ்வேலங்களில் உண்டு. அவ்வாறு வாங்கியவர் புல்லில் அசைந்த பந்தை அறிவிப்பாரா என்ற ஐயம் எழுந்துவிட்டால், பின்னர் எவர் சொல்லையும் எவரும் நம்ப இயலாது.

மலாயாவில் அரசுகள் இவ்வினாவை வேறு வகையில் அணுகின. கம்பெனிக் காலத்தில் அபின், சாராயம் ஆகியவற்றைப் போலவே சூதையும் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டினர். சிங்கப்பூரில் பார்குவார் 1820ஆம் ஆண்டில் சூதுக் குத்தகையை ஏற்படுத்தினார். ராபிள்ஸ் 1823ஆம் ஆண்டில் அதனை ஒழித்தார். அடுத்து வந்த கிராபர்டு மீண்டும் உயிர்ப்பித்தார். ஒரே பத்தாண்டில் ஒன்று மூன்று முறை அறமும் மறமுமாக மாறியதைக் காண்கிறோம். கூட்டுமலாய் மாநிலங்களில் சூதுக் குத்தகை 1912ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஒழிந்தது. பின்னர் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம், பொதுச் சூதில்லச் சட்டம் ஆகியவை தனியார் பந்தயங்களைத் தடுத்தன. 1961ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத்திற்குரிய டோட்டலைசேட்டர் வாரியச் சட்டமும், 1967ஆம் ஆண்டில் கூட்டுப் பந்தயச் சட்டமும் வந்தன. உரிமம் பெற்றவர் நடத்தினால் தொழில். பெறாதவர் நடத்தினால் குற்றம் என்பதே அவற்றின் சாரம். 1969ஆம் ஆண்டில் மேக்னம் நிறுவனம் நான்கு எண் பந்தயத்திற்கு உரிமம் பெற்றது. அதே ஆண்டில் இளைஞர் நலன், விளையாட்டு ஆகியவற்றிற்கு நிதி திரட்டவென அரசே ஸ்போர்ட்ஸ் தோட்டோவைத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு சனவரியில் தீர்ப்பு வழங்கியது. குதிரையின் மரபும் பயிற்சியும் ஓட்டுபவரின் தேர்ச்சியும் வெற்றியை முடிவு செய்வதால், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது. ஆதலால் அது சூது ஆகாது என்பது அத்தீர்ப்பு. வழக்குமன்றத்தில் நிற்கத்தக்க வாதமே அது. எனினும் கோல்ப் ஏலத்தின் வரலாற்றை அறிந்தவர் ஒரு வினாவை எழுப்பாமல் இரார். திறமை ஓடுகின்ற குதிரையினுடையது, கோலேந்திய மனிதனுடையது. பணம் வைத்தவனிடம் எஞ்சுவது பிறர் திறமையைப் பற்றிய ஊகம். அவ்வூகத்திலும் தேர்ச்சி உண்டு, உண்மை. ஆனால் நிக்லஸ் ஆடிய 164 போட்டிகளைக் கண்முன் வைத்துப் பார்த்தால் அத்தேர்ச்சி எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்தார். அவ்வைப்பு முறையைப் பற்றி ஆசிரியர்கள் மாணவரோடு உரையாடத்தக்க செய்தி நிரம்ப உண்டு.

ஜுருவில் கோல்ப் ஏலம் நிகழ்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தோட்டத் தமிழருக்கு வாய்த்தது ‘நாலு நம்பர்’. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். அங்குக் காற்றில்லை, புல்லில்லை, பயிற்சியில்லை. எந்த எண்ணும் எந்த எண்ணையும்விடச் சிறந்ததன்று. இருந்தும் கனவில் கண்ட பாம்பையும் சாலையில் மோதிய மகிழுந்தின் பதிவெண்ணையும் கொண்டு எண் தேர்ந்தெடுத்தனர். பழைய முடிவுகளைத் தாளில் எழுதிவைத்து ஆராய்ந்தோரும் உளர். அகஸ்டாவில் ஜோன்ஸின் பெயருக்குப் பணம் கட்டியவருக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை கல்வியில் இல்லை. இழக்கும் பணம் எதிலிருந்து வந்தது என்பதில்தான் உள்ளது. அவருடையது வாணிகத்தின் மிச்சம். இவருடையது பால்வெட்டின் கூலி. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்குச் சேர வேண்டிய தொகை.

இதனைப் பொதுமேடையில் இடையறாது எடுத்துரைத்தது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இத்ரீஸ், 2019ஆம் ஆண்டில் மறையும் வரை அதன் தலைவராக விளங்கினார். பிறையில் எழுந்த தொழிற்சாலைகளின் கழிவால் ஜுரு ஆறு கெட்டு, கோல ஜுரு மீனவர் வாழ்விழந்தபோது, 1970களில் அவர்களுக்காக நின்ற சங்கமும் அதுவே. அதே சங்கம் நாட்டில் சூது பெருகுவதை எதிர்த்தும் தொடர்ந்து குரல் கொடுத்தது. ஆற்றில் கலந்த நஞ்சையும் வீட்டில் கலந்த நஞ்சையும் ஒரே கண்கொண்டு பார்த்த பார்வை அஃது.

2010ஆம் ஆண்டில் உலகக் காற்பந்துப் போட்டியை ஒட்டி, விளையாட்டுப் பந்தயங்களுக்கு மலேசியாவில் உரிமம் வழங்கும் முயற்சி ஒன்று எழுந்தது. அது நிறைவேறியிருப்பின், உலகின் எந்த ஆட்டத்திலும் ஆட்டக்காரரைத் தேர்ந்து பணம் கட்டுவதற்குச் சட்டத்தின் வாயில் திறந்திருக்கும். பல்வேறு சமயத்தாரும் அமைப்பினரும் கட்சியினரும் எதிர்த்ததனால் அவ்வாண்டு சூன் திங்களில் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்படும் முன், ஜுருவிலிருந்து பந்தயத் திடலுக்குச் செல்ல விரும்பியவர் பட்டர்வொர்த்தில் கப்பலேறிக் கடலைக் கடந்தார். பாலம் வந்தபின் அப்பயணம் சுருங்கியது. பின்னர் பந்தயமே சுருங்கியது. சிங்கப்பூரில் குதிரைகள் கடைசியாக ஓடியது 2024ஆம் ஆண்டு அக்டோபரில். அதே ஆண்டில் பினாங்குக் கழகத்தின் உறுப்பினர்கள் கழகத்தைக் கலைப்பதென வாக்களித்தனர். 1864ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் பந்தயங்கள் 2025ஆம் ஆண்டில் நின்றன.